படகும் வேண்டாம் என்ற ஞானப்பிரகாசம்

வுப்பர்டாலில் ஞானப்பிரகாசத்தைத் தெரியாத தமிழ் வீடு இல்லை. அவருக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்து முடிப்பது எவ்வளவு பெரும்பாடு என்பதும் எல்லா வீட்டுக்கும் தெரியும். வந்து இருந்ததும் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டால், "சீச்சீ, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார். குடித்திருக்கமாட்டார். "கொஞ்சமாத் தாறன்" என்றால், "உங்களுக்கேன் கரைச்சல்" என்பார். மூன்றாம் தரமும் கேட்டு, எழும்பப் போகிறவரைக் கையில் பிடித்து இருத்தி, "ஊத்தியாச்சு, இனிக் குடிக்கத்தான் வேணும்" என்று முன்னால் வைத்தால், மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு இன்னும் அரைக் கோப்பை கிடைக்குமோ என்று குசினிப் பக்கம் பார்ப்பார். இதில் நடிப்பு எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவர் வளர்ந்த வீட்டில் முதல் கேள்விக்கே ஓம் என்று சொல்கிறவனைக் காணாததைக் கண்டவன் என்பார்கள். அந்தப் பெயரை வாங்கிவிடக்கூடாது என்பதில் மனிதர் கண்ணும் கருத்துமாக இருந்தார்.

அகதியாக வந்து இருபது வருடமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. ஜேர்மன்காரர் ஒரு தரம்தான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டுப் போத்தலை மூடிவிடுவார்கள். வேலையிடத்துப் பிறந்தநாள்களில் ஞானப்பிரகாசம் இப்படி இழந்த கேக்குத் துண்டுகளைச் சேர்த்திருந்தால் ஒரு பேக்கரி திறந்திருக்கலாம்.

அவருக்குப் பூட்டுத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. மனைவி டொறத்திக்கு வைத்தியசாலைச் சமையலறையில் காலை வேலை. மகள் மிதுசா சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில், பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இருவரும் கண்டுபிடித்த வழி அது. ஒருவர் வேலையால் வர மற்றவர் வேலைக்குப் போவார். இடையில் தொங்குரயில் நிலையப் படியில் நின்று பிள்ளையைக் கைமாற்றுவார்கள். அவளுக்குச் சாப்பாடு கொடுத்தாயிற்றா, காய்ச்சல் விட்டதா என்ற இரண்டு கேள்விகளோடு புருஷன் பெண்சாதிக் கதை முடிந்துவிடும். ரயில் அதற்குமேல் காத்திருக்காது.

சனி ஞாயிறு என்று பார்த்தால் அது ஊருக்குச் சொந்தம். பூசை, பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவீடு. வீட்டு ஹோலும் அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. டொறத்தியின் தம்பி, தம்பியோடு முகாமில் இருந்தவன், அவனுடைய மச்சான் என்று எவராவது ஒருவர் அங்கே மெத்தை போட்டுப் படுத்திருப்பார். ஒருவருக்கு விசா கிடைத்துக் கனடா போனால் மெத்தை சூடு ஆறமுன்னம் அடுத்தவர் வந்துவிடுவார். இப்போது எல்லாரும் போய்விட்டார்கள். மிதுசாவும் லைப்சிக்கில் படிக்கப் போய்விட்டாள். ஆனால் அவரும் மனைவியும் மட்டும் இன்னும் அதே படியில் சந்திக்கிற ஆட்களாகவே இருந்தார்கள். கைமாற்றுவதற்குத்தான் பிள்ளை இல்லை.

இந்தச் சில வருடங்களாக டொறத்தி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். சண்டை இல்லை. சமைத்து மூடி வைப்பாள், அவர் போடுகிற சேட்டைத் தேய்த்து மினுக்கி வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காததை ஒருநாளும் சொல்லமாட்டாள். எப்போதிருந்து இப்படி, என்ன குற்றம் செய்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். பிடிபடவே இல்லை.

இரண்டாயிரத்து நாலு நத்தார் பண்டிகைக்கு மிதுசா வந்து நின்றபோதுதான் கதை தொடங்கியது. அவுஸ்திரேலியாவில் அரை வருடம் படிக்கப் போனவள், திரும்புகிற வழியில் பீஜியில் ஒரு சின்னத் தீவில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தாள். கணினியில் படங்களைக் காட்டிக்கொண்டே போனவள், "அங்க ஒரு தமிழர் கூட இல்லை அப்பா, நம்புவீங்களோ?" என்றாள்.

அவள் அதை ஒரு குறையாகத்தான் சொன்னாள். ஞானப்பிரகாசத்துக்கோ அந்த வசனம் வயிற்றுக்குள் தேன் விட்டதுபோல் இறங்கியது. ஒருவரும் இல்லையா? வந்து ஹோலில் படுக்க ஒருவரும் இல்லை, பூசை முடிய மறித்து வைத்துக் கதைக்க ஒருவரும் இல்லை. வருகிற ஓகஸ்ற்றில் அவர்களுடைய வெள்ளிவிழா. கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடம். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற றெஜினோல்ட் இப்போதே மண்டபம், வீடியோ, முந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று தொடங்கிவிட்டான். அந்த முந்நூறு பேருக்கு நடுவில் மாலையோடு நிற்பதைவிட, யாருமில்லாத ஒரு கரையில் டொறத்தியோடு பத்து நாள் இருந்தால் என்ன? அவளுக்கும் அப்படி இருக்க விருப்பமா? விருப்பம் இல்லையென்றால்? அந்த ஒரு கேள்வி மனிதரைப் பிடித்துக்கொண்டது. பூட்டுகளைப் பொருத்துகிற கைகள் பொருத்திக்கொண்டே இருக்க, மனம் அதிலேயே நின்றது.

முதல்தரம் கேட்டது பூசை முடிந்து தொங்குரயிலில் வரும்போது. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. அதுவே ஓர் அதிசயம்.

"ஓகஸ்ற்றிலை எங்கையாவது போவமே?"

"எங்கை?"

"மிதுசா போன தீவுக்கு."

டொறத்தி ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தாள். "வேண்டாம். வீண் சிலவு."

இரண்டாம்தரம் அவள் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தபோது. "டொறத்தி, நான் அந்தத் தீவுக் கதை..." என்று இழுத்தார்.

"இந்த வயசிலை கூடாரத்துக்கை படுக்கிறதோ? சனம் சிரிக்கும். வேண்டாமப்பா."

மூன்றாம்தரம் கேட்கத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் இருந்தார். அதற்கிடையில் லைப்சிக்கில் இருந்து மகளின் ரெலிபோன் வந்தது. மடையன் வேலை, மகளிடம் புத்தி கேட்டார்.

"அம்மா நைன் எண்டு சொன்னவவோ?" என்றாள் மிதுசா. இல்லை என்பதை அவள் ஜேர்மனில்தான் சொல்வாள்.

"ரெண்டு தரம்."

"அப்ப நைன்தானே அப்பா. ஒரு பொம்பிளை வேண்டாம் எண்டு சொன்னால் திருப்பித் திருப்பிக் கேக்கக் கூடாது. அது பிழை. அதை மதிக்க வேணும்."

பிள்ளை படித்தவள். சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஞானப்பிரகாசத்துக்குத் தலை சுற்றியது. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளுடைய வேண்டாம் எந்த நாட்டு வேண்டாம்? யாழ்ப்பாணத்து வேண்டாம் என்றால் இன்னும் ஒருதரம் கேட்கவேண்டும். ஜேர்மன் வேண்டாம் என்றால் வாயை மூடவேண்டும். டொறத்திக்கும் அவரைப்போல ஜேர்மன் கடவுச்சீட்டு வந்து இரண்டு வருடமாகிறது. அவள் எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் மகளின் சொல்லைக் கேட்டார். கேட்பதை நிறுத்தினார்.

திட்டம் போடுவதை நிறுத்தினாரா என்றால் அதுதான் இல்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. காலையில் டொறத்தி வேலைக்குப் போனதும் மிதுசாவின் அறையில் கணினிக்கு முன்னால் போய் இருந்துவிடுவார். தீவைப்பற்றி மகள் முன்பே எழுதி அனுப்பியிருந்ததை ஒவ்வொரு வரியாக வாசிப்பார். வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடியது. தீவு ஒரு முதலாளியுடையது அல்ல, அங்கேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஒரு குலத்துக்குச் சொந்தம். கடற்கரையிலும் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமைக்காரர் உண்டு, கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. அந்தக் குலத்தில் ஒரு குடும்பம் நாலைந்து ஓலைக் குடில் கட்டி வாடகைக்கு விடுகிறது. காசு குறைவென்றால் பலபேர் படுக்கிற கொட்டிலில் ஒரு கட்டில். அதிலும் குறைவென்றால் தென்னைகளுக்குக் கீழே சொந்தக் கூடாரம். தீவில் கடை கிடையாது. போனதும் ஊர்த் தலைவரிடம் ஒரு கட்டு வேர் கொடுத்து, தங்குவதற்கு உத்தரவு கேட்கவேண்டும். அந்த வேரை இடித்துக் கரைத்துத்தான் அங்கே எல்லாரும் சேர்ந்து குடிப்பார்களாம்.

இந்தக் கடைசி விஷயம் ஒன்றுதான் அவருக்கு உடனே விளங்கியது. பெரியவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? அதை ஒருவர் எழுதிச் சொல்லவும் வேண்டுமா? மற்றதெல்லாம் மண்டைக்குள் ஏறவில்லை. இது ஹோட்டலா, வீடா? ஹோட்டல் என்றால் காசைக் கொடுத்து இது வேணும் அது வேணும் என்று கேட்கலாம். வீடு என்றால் அப்படிக் கேட்பது மரியாதையில்லை. இரண்டும் கலந்த ஓர் இடத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்வது? ஜேர்மனிக்கு வந்த நாளில் இருந்து அவர் உத்தரவு கேட்ட இடங்களெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து முகம் பார்க்காமல் பேசுகிற இடங்கள். மண்ணுக்கு உரிமைக்காரரே வாசலில் நின்று வாங்கோ என்று கூப்பிடுகிற ஓர் இடத்துக்கு அவர் போனதேயில்லை.

ஒரு வழியாகத் துணிந்து ரெலிபோன் எடுத்தார். அவருக்குக் காலை, அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண்குரல் வந்தது. அவர் ஊரில் சங்கக் கடையில் கணக்கெழுதும் லிகிதராக இருந்த காலத்து ஆங்கிலத்தைத் தூசி தட்டி எடுத்துத் தன்னை அறிமுகம் செய்தார்.

"ஓ, மிதுசாவின் அப்பாவா!" என்று அந்தக் குரல் கூவியது. அது அந்தக் குடும்பத்துத் தலைவி லிற்றியா. "எங்கள் மரவள்ளிக் கிழங்கை மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிட்ட பிள்ளை! எப்படி இருக்கிறாள்? நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா?"

இதோடு அவர் உருகிப்போனார். எந்த ஹோட்டலில் நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா என்று கேட்பார்கள்? இது வீடுதான், சந்தேகமே இல்லை. அந்த நிமிடமே ஞானப்பிரகாசம் கதிரையில் நிமிர்ந்து இருந்து, வளர்ந்த வளர்ப்புக்குத் தக்கபடி நடக்கத் தொடங்கினார்.

"உங்களுக்கு ஒரு குடில் ஒதுக்கி வைக்கட்டுமா? கடலைப் பார்த்த குடில் இருக்கிறது."

"ஐயோ, எங்களுக்கு எதற்குக் குடில்? ஒரு மூலையில் கூடாரம் அடித்துக்கொண்டு கிடப்போம்."

"சாப்பாடு மூன்று நேரமும் நாங்கள் தருவோம்."

"அதெல்லாம் வேண்டாம். உங்களுக்கு ஏன் சிரமம்?"

"கப்பல் தூரத்தில்தான் நிற்கும். என் கணவர் படகோடு வந்து உங்களை ஏற்றுவார்."

"அவரை ஏன் அலைக்கழிக்கிறீர்கள்? வேண்டவே வேண்டாம். நாங்கள் எப்படியோ வந்துவிடுவோம்."

"எப்படியோவா?"

"எப்படியோ."

பின்னால் யாரோ சிரிப்பதும் ஒரு குழந்தை கத்துவதும் கேட்டன. "எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று லிற்றியா மெதுவாகக் கேட்டாள்.

"ஒருவர். சில வேளை இரண்டு பேர். இன்னும் தெரியாது" என்றார். வேர் மட்டும் கட்டாயம் கொண்டுவருவேன் என்று கேளாமலே வாக்குக் கொடுத்தார். இலக்கத்தைச் சொல்லி, ரெலிபோனை வைத்தபோது மனம் நிறைந்திருந்தது. நல்ல மனிசி, எவ்வளவு அன்பாக உபசரித்தா என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் அவ கேட்பா, அப்போது படகுக்கும் சாப்பாட்டுக்கும் ஓம் சொல்லலாம் என்பது அவர் எண்ணம். ஒரு வாரம் போனது. அவ கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவர் மனம் கொஞ்சம் புண்படவும் செய்தது. ஆளை என்ன செய்வது?

அடுத்ததாகக் கூடாரம் வந்தது. மலிவுக் கடையில் வாங்கினார். சரியாக நிற்கிறதா என்று பார்க்க ஹோலில் அடித்துப் பார்த்தார். ஒரு கால் டெலிவிஷனில் இடித்தது, மறு கால் மாதா படத்துக்குக் கீழே போய் முட்டியது. திருப்பி மடிக்கத் தெரியவில்லை. தொழிற்சாலைக்கு நேரமாகிவிட்டது, அப்படியே விட்டுவிட்டுப் போனார். டொறத்தி வந்து பார்த்து ஏதாவது கேட்பாள். கேட்டால் அதைச் சாட்டாக வைத்துப் பேச்சைத் தொடங்கலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

இரவு வேலையால் வந்து பார்க்கிறார், கூடாரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. உள்ளே ஒரு தலையணை கிடக்கிறது. அவருடைய தலையணை. ஒன்றே ஒன்று.

இதற்கு என்ன அர்த்தம்? இனி இங்கேதான் படு என்கிறாளா? இல்லை, கூடாரத்துக்குத் தலையணையும் வேண்டும் என்று உதவி செய்கிறாளா? நீ மட்டும் போ என்கிறாளா? நக்கல் என்றால் நக்கல் மாதிரியும் இருந்தது, அக்கறை என்றால் அக்கறை மாதிரியும் இருந்தது. தலையணையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். திரும்பக் கட்டிலில் வைப்பதா, கூடாரத்தில் விடுவதா என்று தெரியாமல் கடைசியில் சோபாவில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

மறுநாள் தொழிற்சாலையில் உடுப்பு மாற்றுகிற அறையில் றெஜினோல்ட் எதிரே வந்தான். அவனுக்குக் காலை வேலை, முடித்துவிட்டுப் போகிற நேரம்.

"அண்ணை, வெள்ளிவிழாவுக்கு ஹோல் சொல்லிப்போடட்டோ? ஓகஸ்ற் கடைசிச் சனிக்கிழமை இருக்காம்."

"வேண்டாம் றெஜினோல்ட்."

"உங்கடை வேண்டாம் எங்களுக்குத் தெரியாதே?" அவன் சிரித்தான். "நீங்கள் பேசாமல் இருங்கோ. எல்லாம் நான் பாக்கிறன்."

"உண்மையா வேண்டாமடாப்பா."

"ஓம் ஓம், விளங்குது" என்று தோளில் தட்டிவிட்டு அவன் போயே போய்விட்டான். வாழ்க்கையில் அபூர்வமாக வேண்டாம் என்ற சொல்லை ஞானப்பிரகாசம் மனதார எண்ணிச் சொன்னார். அதை ஒருவரும் ஏற்கவில்லை. அந்த முழுப் பின்னேரமும் பூட்டுகளுக்குப் பிழையான திறப்புகளைப் போட்டுப் பெட்டியில் அடுக்கினார்.

இதற்கு நாலைந்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அவர் கண் விழித்தபோது குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வேலைநாள் காலையில் அந்த வீட்டில் அந்தச் சத்தம் வராது. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தார். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடிப்போனார். டொறத்தி வீட்டுடுப்போடு மேசையடியில் நின்றாள்.

"ஆர் மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை. இருங்கோ."

"வேலைக்குப் போகேல்லையோ?"

"லீவு சொல்லிப்போட்டன். இருங்கோ எண்டு சொல்லுறன்."

இருந்தார். கேளாமலே ஒரு கோப்பை தேநீரை முன்னால் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை.

"நேற்று ராத்திரி நீங்கள் வேலையாலை வரமுன்னம் ஒரு மனிசி ரெலிபோன் எடுத்தவ. லிற்றியாவாம்."

கள்ளத்தனமாகத் திட்டம் போட்டது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. "நான் உமக்குச் சொல்லத்தான்..." என்று தொடங்கினார்.

"உங்கடை மனிசனுக்கு நீந்தத் தெரியுமோ எண்டு கேட்டா."

"நீந்தவோ?"

"கப்பல் கரைக்கு வராதாம். படகு வேண்டாமெண்டு சொன்னனீங்களாம். அவவுக்கு ரெண்டு கிழமையா நித்திரை இல்லையாம். நடுக்கடலிலை குதிக்கப் போறியளோ?"

"அவ இன்னொருக்காக் கேப்பா எண்டு..."

"வீடும் வேண்டாமாம், சோறும் வேண்டாமாம். கடையே இல்லாத இடத்திலை என்னத்தைத் தின்னுறது? மணலையோ? தங்கடை ஊரிலை றோட்டாலை போறவனையும் சாப்பிட வா எண்டு கூப்பிடுவினமாம். அவனும் வேண்டாம், வயிறு நிறைஞ்சிருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போவானாம். அது வழக்கமாம். ஆனால் படகை வேண்டாம் எண்டு சொன்ன ஒருத்தரைத் தான் இப்பதான் கண்டதாம்."

ஞானப்பிரகாசம் தேநீரைக் குனிந்து பார்த்தார். ஆனால் டொறத்தியின் குரலில் கோபம் இல்லை. கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம் என்று அவருக்குத் தோன்றியது. காதோரம் முடி நரைத்திருப்பதை அப்போதுதான் கண்டார்.

"ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ. ஆறு வருசத்துக்கு முன்னம் றெஜினோல்டுக்குக் காலை வேலை கிடைச்சதே. அந்த இடத்தை மைஸ்ரர் முதல் ஆரிட்டைக் கேட்டவர்?"

மைஸ்ரர் என்பது தொழிற்சாலையில் அவர்கள் பகுதிக்குப் பொறுப்பானவர். ஞானப்பிரகாசம் கொஞ்சம் யோசித்தார். ஓம், ஒருநாள் மெஷினடிக்கு வந்து நின்று, காலை வேலையில் ஓர் இடம் வருகிறது, உனக்கு வேண்டுமா என்று கேட்டார்தான். பரவாயில்லை, வேறு யாருக்கும் தேவையென்றால் கொடுங்கள் என்று இவர் சொன்னதும், அவர் தலையாட்டிவிட்டுப் போனார்தான். அந்தக் கிழமை முழுக்க அவர் நடக்கிற வழியில் இவர் சும்மா சும்மா போய் நின்றார். அவர் திரும்பக் கேட்கவில்லை. றெஜினோல்டுக்கு இடம் போனது. வீட்டில் சொல்லி என்ன பிரயோசனம் என்று இவரும் விட்டுவிட்டார்.

"என்னட்டைத்தான்" என்றார்.

"நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"ஏன்?"

"அவர் திருப்பிக் கேப்பார் எண்டு நினைச்சன்."

டொறத்தி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. எழும்பி அவள் பக்கத்தில் போவதா, இருந்த இடத்தில் இருப்பதா என்றும் தெரியவில்லை. பாதி எழும்பியபடி நின்றார். அவள் கையை எடுத்தபோது இரண்டும் நடந்திருந்தது தெரிந்தது.

"றெஜினோல்டின்ரை மனிசி அன்ரனிற்றா கோயில் வாசலிலை வைச்சு எல்லாருக்கும் முன்னாலை சொன்னவ. உம்மடை மனிசன் வேண்டாமெண்டதாலைதான் எங்களுக்குக் கிடைச்சதெண்டு. மிதுசா அப்ப தன்ரை பாட்டைப் பாக்கிற வயசுக்கு வந்திட்டாள். இனிக் காலையிலை ரெண்டு பேரும் போய்ப் பின்னேரம் ரெண்டு பேரும் வீட்டிலை நிக்கலாம் எண்டு நான் யோசிச்சுக்கொண்டிருந்த நேரம். இந்த மனிசனுக்கு என்னோடை வீட்டிலை இருக்க விருப்பமில்லை, அதுதான் வேண்டாமெண்டவர் எண்டு நினைச்சன். ஆறு வருசமா அதைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

ஞானப்பிரகாசத்துக்கு அந்த ஆறு வருடத்துச் சட்டிகளும் மூடிகளும் கண்முன்னால் வந்து நின்றன. "நீர் என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே?"

"என்னெண்டு கேக்கிறது? என்னோடை இருக்க விருப்பமோ எண்டு நானா வாய்விட்டுக் கேக்கிறதோ? கேட்டு, நீங்கள் உங்கடை வழக்கப்படி வேண்டாமெண்டு சொன்னால்?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடிய ஆள்தான் அவர்.

"இப்ப அந்த லிற்றியாவுக்கு என்ன சொன்னனீர்?"

"படகுக்கு ஓம் எண்டன். சாப்பாட்டுக்கு ஓம். குடிலுக்கும் ஓம். கூடாரத்தைத் திருப்பிக் குடுங்கோ, ஹோலுக்கை நடக்க ஏலாமல் கிடக்கு. றெஜினோல்டுக்கும் நான் சொல்லுறன், நான் சொன்னால் அவனுக்கு விளங்கும்." மூச்சு வாங்கினாள். "எத்தினை பேர் எண்டு கேட்டா. அதுக்கு மட்டும் மறுமொழி சொல்லேல்லை. மனிசனிட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டன்."

"நீர்தானே வேண்டாமெண்டு ரெண்டு தரம்..."

"ஓம், ரெண்டு தரம்தானே."

அவர் அவளைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள். படித்த மகளின் சொல்லைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு திரிந்த இந்த ஒன்றரை மாதமும் டொறத்தி காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கூடாரத்துக்குள் தலையணையைப் போட்டதும் பொறுக்கமாட்டாமல்தான்.

தொண்டையைச் செருமினார். "உமக்குக் கரைச்சல் இல்லையெண்டால்..."

"உப்பிடிக் கேட்டால் வேண்டாம்."

"இல்லை, வந்தால் நல்லம் எண்டு..."

"நல்லமோ கெட்டமோ எண்டு நான் கேக்கேல்லை."

ஞானப்பிரகாசம் கையைச் சாரத்தில் துடைத்தார். கலியாணவீட்டுப் பந்தியில் எழும்பி நின்று எனக்கு இன்னும் சோறு போடு என்று கேட்கிற கூச்சம் உடம்பெல்லாம் ஊர்ந்தது. "எனக்கு நீர் வர வேணும்" என்றார். வெளியே வந்த வசனத்தைத் திருப்பி விழுங்க முடியாது என்று கண்டதும் மிச்சமும் தானாக வந்தது. "எனக்கு உம்மோடை இருக்க வேணும். அங்கையும் வேணும், இஞ்சையும் வேணும்."

"ஓம்" என்றாள் டொறத்தி. ஒரு நொடியும் பிந்தவில்லை.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேநீரைக் குடித்தார். அது ஆறிப்போயிருந்தது. அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு எழும்பினாள்.

"இண்டைக்கு வேலைக்கு நேரத்தோடை போங்கோ. மைஸ்ரரிட்டைப் போய்க் காலை வேலை வேணுமெண்டு கேளுங்கோ. பரவாயில்லை கிரவாயில்லை எண்டு ஒண்டும் சொல்லக்கூடாது."

"இப்ப இடம் இல்லையெண்டு அவர் சொன்னால்?"

டொறத்தி புதுத்தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"மூண்டு தரம் கேளுங்கோ" என்றாள்.